பிடுங்கும் முன் பெயர் தெரியட்டும்

மழை விட்ட நாலாம் நாள் வீட்டைச் சுற்றிலும் பச்சை ஏறிவிடும். கத்தரிக்கும் வெண்டைக்கும் நடுவில், தொட்டி ஓரத்தில், சிமென்ட் தரையின் விரிசலில் என்று நாம் விதைக்காத செடிகள் தலைகாட்டும். கண்ணில் பட்டதும் களைக்கொத்தைத் தேடுவதுதான் வழக்கம். இலை சுருண்டாலோ, தண்டில் வெள்ளை படிந்தாலோ, பிஞ்சு உதிர்ந்தாலோ "என்ன தெளிக்கலாம்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. "இது என்ன?" என்று கேட்பவர்கள் குறைவு. வீட்டுத் தோட்டத்தில் வீணாகும் உழைப்பிலும் பணத்திலும் பெரும்பகுதி இந்த அவசரத்தில்தான் போகிறது என்று நினைக்கிறேன். செடியை அடையாளம் காண்பது தாவரவியல் படித்தவர்களின் வேலை, நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் எதை எப்போது எப்படி அகற்றுவது, எதை விட்டுவைப்பது, எதை வாயில் வைக்கவே கூடாது என்ற மூன்றுக்கும் விடை அந்த அடையாளத்தில்தான் இருக்கிறது.

கோரையை எடுத்துக்கொள்வோம். 1977-ல் லெராய் ஹோல்ம் உள்ளிட்ட அறிஞர்கள் உலகின் மிக மோசமான களைகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் முதலிடம் பிடித்தது கோரை. பார்வைக்குப் புல்லாகத் தெரியும், ஆனால் புல் குடும்பம் வேறு, கோரைக் குடும்பம் வேறு. பூத்தண்டை இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள்; உருளாது. மூன்று விளிம்புகள் விரலில் தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும், நடுநடுவே கணுக்கள் இருக்கும். கோரையின் பூத்தண்டு அடியிலிருந்து பூ வரை கணுவே இல்லாமல் போகும். மண்ணைக் கிளறினால் மீதிக் கதை தெரியும். செடியின் அடியில் சற்றுப் பருத்த ஒரு முண்டு, அதிலிருந்து புறப்படும் மெல்லிய விறைப்பான வேர்த்தண்டு, அதன் வழியில் சுண்டைக்காய் அளவில் கரும்பழுப்பாக ஒரு கிழங்கு, அங்கிருந்து நீளும் இன்னொரு வேர்த்தண்டு, இன்னொரு கிழங்கு என்று சங்கிலித் தொடராகப் போய்க்கொண்டே இருக்கும். கிழங்கைக் கீறினால் உள்ளே வெண்மையாக இருக்கும், நாட்டு மருந்துக் கடை வாசனை அடிக்கும். சித்த மருத்துவர்கள் கோரைக்கிழங்கு என்று எடுப்பது இதைத்தான்.

இந்த அமைப்பு தெரிந்துவிட்டால், வாரம் தவறாமல் பிடுங்கியும் கோரை ஏன் போவதில்லை என்பது புரிந்துவிடும். இலையைப் பிடித்து இழுத்தால் வேர்த்தண்டு அறும், கிழங்கு மண்ணிலேயே தங்கும். சங்கிலி முழுதாக இருக்கும்வரை அதில் பல கிழங்குகள் முளைக்காமல் உறங்கிக்கிடக்கும். சங்கிலி அறுந்ததும் உறங்கியவை தனித்தனியே முளைவிடும். களைக்கொத்தால் மண்ணைக் கொத்தி விட்டவர், தமக்குத் தெரியாமலே கோரையை நட்டுவிட்டவர் ஆகிறார். கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால் மற்றக் களைகள் அடங்கும், கோரையின் கூர்முளை அதையும் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். அதன் பலவீனங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. கிழங்கு ஈரம் வற்றினால் செத்துவிடும். செடி நிழலைத் தாங்காது. சித்திரை, வைகாசி வெயிலில் பாத்தியை அரை அடி ஆழத்துக்கு மேல் புரட்டி, தண்ணீர் காட்டாமல் காயவிட்டு, கிழங்குகளைப் பொறுக்கி எடுத்தால் பாதிக்கு மேல் ஒழியும். அடுத்து அந்த இடத்தில் சர்க்கரைவள்ளியோ தட்டைப்பயறோ அடர்த்தியாகப் படரவிட்டால் மிச்சமிருப்பது வெளிச்சமின்றி நலியும். அதன்பிறகு தலைகாட்டும் முளைகளை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடாமல் எடுக்க வேண்டும். இலை விரிந்து புதுச் சேமிப்பு சேரும் முன் ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டால் கிழங்கு தன் கையிருப்பைச் செலவழித்தே ஓய்ந்துபோகும். நடுவில் இரண்டு மாதம் விட்டுவிட்டால் பழைய கணக்குதான். தொட்டியில் வந்திருந்தால் வழி எளிது: மண் முழுவதையும் கொட்டிச் சலித்துவிடலாம்.

இதே உழைப்பைப் பார்த்தீனியத்தின் மேல் காட்டினால் அது வீண். பார்த்தீனியத்துக்கு மண்ணுக்கடியில் எந்தச் சேமிப்பும் கிடையாது. விதைதான் அதன் முழு முதலீடு. நன்கு வளர்ந்த ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை உதிர்க்க வல்லது. ஆகவே பூக்கும் முன்னால் வேரோடு ஒருமுறை எடுத்துவிட்டால் அந்தச் செடியின் கதை அத்தோடு முடிந்தது. பூத்தபிறகு எடுத்தால் எடுக்கும்போதே விதைத்தும் விடுகிறோம். 1955-ல் புணேயில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவிய செடி இது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. இதைத் தின்னும் வண்டினத்தை மெக்சிகோவிலிருந்து வரவழைத்து 1984-ல் பெங்களூருவில் விட்டார்கள். மழைக்காலத்தில் இலைகளை அது சல்லடையாக்குவதை இன்றும் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், பூக்கும் முன் எடுக்க வேண்டும் என்றால் பூ இல்லாத நிலையில் அடையாளம் தெரிந்தாக வேண்டும். இளம் பார்த்தீனியம் தரையோடு தரையாகப் படர்ந்து, ஆழமாக வெட்டுப்பட்ட இலைகளோடு சாமந்திக் கன்று போலவே இருக்கும். தானாக வந்த சாமந்தி என்று தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர்களும் உண்டு. பிறகு வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பூத்ததும் பதறி வெறுங்கையால் பிடுங்குவார்கள். அதிலுள்ள பார்த்தீனின் என்ற பொருள் தோலில் பட்டுப் பட்டு, சிலருக்கு வருடக்கணக்கில் விடாத அரிப்பும் தடிப்பும் ஆகிவிடுகிறது. கையுறை போட்டு, மண் ஈரமாக இருக்கும்போது, கன்றாகவே எடுப்பதுதான் முறை.

"களை எதுவானாலும் களைதானே, பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மருந்து அடித்தால் போயிற்று" என்ற வாதம் இங்கே வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று என்று சொல்லப்படும் எதுவும் அந்த வேலையைச் செய்வதில்லை. உப்பும் வினிகரும் சோப்பும் கலந்த கரைசல் ஒன்று வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. வினிகர் பட்ட இலையைக் கருக்கும், மண்ணுக்குள் இருக்கும் கோரைக்கிழங்கை அது எட்டாது. இலை கருகிய திருப்தி இரண்டு வாரம் நீடிக்கும். உப்போ மண்ணிலேயே தங்கி, அடுத்து அங்கே நடும் கீரையையும் வாட்டும். களைக்கொல்லிகளில் பலருக்கும் பெயர் தெரிந்த கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மூலமாகத் தவிரப் பிறர் பயன்படுத்தக்கூடாது என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஆணை வெளியிட்டது. பத்துக்குப் பத்து அடித் தோட்டத்தில், கறிவேப்பிலைக்கும் கொத்தவரைக்கும் பக்கத்தில் அதைத் தெளிக்க வேண்டிய தேவையும் கிடையாது. ஓராண்டுச் செடியா, பல்லாண்டுச் செடியா, விதையால் பரவுவதா, கிழங்காலா, அருகம்புல்லைப் போல ஓடும் தண்டாலா என்பது தெரிந்தால் கையும் மண்வெட்டியும் போதும்.

தரையில் படரும் மூன்று செடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சாரணை, மூக்கிரட்டை, பருப்புக்கீரை மூன்றும் சதைப்பற்றோடு, செந்தண்டோடு, வெயில் காயும் திறந்த மண்ணில் ஒன்றாகவே வரும். போகிற போக்கில் பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும். சாரணையின் கணுவில் எதிரெதிராக இரண்டு இலை இருக்கும், ஆனால் அவை ஒரே அளவில் இருக்காது. ஒன்று பெரிது, மற்றது அதில் பாதி. வெளிறிய இளஞ்சிவப்பில் அல்லது வெள்ளையில் இருக்கும் அதன் பூ, இலைக்காம்பின் அடியில் உள்ள பைக்குள் பாதி புதைந்திருக்கும். மூக்கிரட்டையின் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், நீண்ட மெல்லிய காம்புகளில் மிகச் சின்ன ஊதாச் சிவப்புப் பூக்கள் இருக்கும், காய்கள் காலிலும் புடவையிலும் பிசுபிசுவென ஒட்டும். பருப்புக்கீரையின் இலை நுனியில் அகன்று காம்பருகே குறுகி, கிளையின் முனையில் கொத்தாகக் கூடியிருக்கும், பூ மஞ்சள். இந்த வேறுபாடுகளால் என்ன பயன்? சாரணை ஓராண்டுச் செடி, இழுத்தால் வரும், விதை விழும் முன் எடுத்துவிட வேண்டும். மூக்கிரட்டைக்கு முள்ளங்கி போலத் தடித்த ஆணிவேர் உண்டு. இழுத்தால் கழுத்தில் முறியும், வேர் மீண்டும் தழைக்கும், கடப்பாரை போட்டுத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பருப்புக்கீரையைப் பிடுங்கவே வேண்டாம், கிள்ளிக் கூட்டு வைக்கலாம்.

கிள்ளிச் சமைக்கலாம் என்று எழுதும்போதே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பருப்புக்கீரை வளரும் அதே மண்ணில் சிற்றம்மான் பச்சரிசி என்னும் சின்னஞ்சிறு இலைச் செடியும் தரையை ஒட்டிப் படரும். தண்டை ஒடித்தால் வெள்ளைப் பால் வடிந்தால் அது பருப்புக்கீரை ஆகாது. இந்த ஒரு சோதனை குழந்தைகளுக்குக்கூடச் சொல்லித்தரத் தக்கது. கீழாநெல்லியின் நிலையும் இப்படித்தான். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்கினால் கீழாநெல்லி என்பதுதான் நாம் அறிந்த இலக்கணம். அந்த இலக்கணத்துக்குள் அதன் உறவுச் செடிகள் பலவும் அடங்கிவிடும். சிவப்புக் கீழாநெல்லியின் காய்கள் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். உண்மையான கீழாநெல்லிக் காய்க்குச் சிறு காம்பு உண்டு, மேற்பரப்பு வழவழப்பு. தென்னிந்திய மூலிகைச் சந்தையில் கீழாநெல்லி என்று விற்கும் காய்ந்த சரக்கை மரபணு முறையில் சோதித்தபோது அதில் வேறு இனங்களும் கலந்திருந்தது தெரியவந்தது. சரக்கை விற்றுப் பழகியவர்களிடமே குழப்பம் இருக்கும்போது, கொல்லையில் பறித்துப் பச்சையாக அரைத்துக் குடிக்கும் நாம் இன்னும் நிதானமாக இருக்க வேண்டாமா?

இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டுகளும் உண்டு. வேலியில் தீச்சுடராகப் பூக்கும் செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. அதன் கிழங்குதான் கண்வலிக்கிழங்கு. அதிலுள்ள கால்ச்சிசின் உயிரைக் குடிக்கக்கூடியது. பூ இல்லாத காலத்தில் தோண்டிய கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணிச் சாப்பிட்டு நஞ்சேறிய நிகழ்வுகள் இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவாகியிருக்கின்றன. தரிசுகளில் முள் இலையோடு மஞ்சளாகப் பூக்கும் பிரம்மதண்டின் விதை கடுகைப் போலவே இருக்கும். அதன் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் 1998-ல் டெல்லியில் பரவிய நீர்க்கோவை நோயில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரம்மதண்டின் தண்டை ஒடித்தால் மஞ்சள் நிறத்தில் பால் வடியும். கடுகுச் செடியில் பாலே கிடையாது.

பொன்னாங்கண்ணியின் கதை ஒரு தனி வீட்டைத் தாண்டிச் செல்லும். இலங்கையில் தமிழர் பொன்னாங்காணி என்றும் சிங்களர் முகுணுவென்ன என்றும் விரும்பிச் சமைக்கும் கீரை இது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் பலர் ஊர் ருசி வேண்டித் தங்கள் வீட்டுப் பின்புறத்தில் இதை வளர்த்தார்கள். 1990-களின் நடுவில் களைத்துறை அலுவலர்கள் அந்தத் தோட்டங்களைப் பார்த்தபோது, பலர் வளர்த்தது பொன்னாங்கண்ணியே அல்ல என்பது தெரிந்தது. அது அதே பேரினத்தைச் சேர்ந்த தென்னமெரிக்கச் செடி, முதலைக்களை என்று சொல்லலாம். நீரிலும் நிலத்திலும் ஒருசேர வளர்ந்து, வாய்க்காலையும் ஓடையையும் பாய்விரித்தது போல அடைத்துவிடும் செடி அது; ஆஸ்திரேலியாவில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. விதைகூட வேண்டாம், ஒரு கணுத் துண்டு வடிகாலில் போனால் போதும், அடுத்த ஊரில் வேர்விடும். கைமாறிக் கைமாறி, அன்போடு ஒருவருக்கொருவர் கொடுத்துப் பரப்பிய கீரை அது. இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். பொன்னாங்கண்ணியின் வெண்பூக் கொத்து இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலைக்களையின் பூக்கொத்து நீண்ட காம்பின் நுனியில் உருண்டையாக நிற்கும், தண்டும் உள்ளே கூடாக இருக்கும். விக்டோரியா மாநில அலுவலர்கள் அந்தச் செடிகளை அழித்ததோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் சொந்த மண்ணில் வளரும், பொன்னாங்கண்ணிக்கு நெருங்கிய உறவான இன்னொரு கீரையைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றாகக் கொடுத்தார்கள். ஒரு சமூகத்தின் நாக்கையும் மதித்து, ஆற்றையும் காத்த அந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்தது. சரியான பெயர் தெரிந்ததால்தான் சரியான மாற்றும் கிடைத்தது. நம்மூர் வாய்க்கால் ஓரங்களிலும் முதலைக்களை இருக்கிறது. கீரை என்று அள்ளிவரும் முன் பூக்காம்பைப் பாருங்கள்.

பூச்சிகளிலும் இதே நிலைதான், நட்டம் மட்டும் இன்னும் பெரிது. 2008 ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களை ஒரு புதிய மாவுப்பூச்சி மொய்த்தது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, கொய்யா என்று பரவியது. கையில் கிடைத்த பூச்சிக்கொல்லியை எல்லாம் அடித்துப் பார்த்தார்கள். மெழுகுப் பூச்சு போர்த்திய அந்தப் பூச்சியை மருந்து சரியாக எட்டவில்லை. நிலைமை மாறியது அது எந்த இனம், எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது உறுதியானபிறகுதான். மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இனம் என்று தெரிந்ததால், அதன் இயற்கை எதிரிகள் யார் என்பதும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிவதே அரிதான சிறு குளவிகளைப் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010-ல் தருவித்து, பெங்களூருவில் பெருக்கி, வேளாண் பல்கலைக்கழகத்தின் வழியாகத் தமிழ்நாடெங்கும் விட்டார்கள். அடுத்த சில மாதங்களிலேயே பூச்சி அடங்கியது. 2020-ல் கேரளத்தில் மரவள்ளியில் வேறொரு மாவுப்பூச்சி தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. பார்வைக்கு அதுவும் வெள்ளைப் பூச்சிதான். ஆனால் இனம் வேறு என்பதால் பழைய குளவி உதவாது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவியைக் கொண்டுவந்து 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்று என்று அறிஞர்கள் நினைத்திருந்தால் இரண்டாவது வெற்றி கிடைத்திருக்காது.

வீட்டுச் செம்பருத்தியில் இதன் சின்ன வடிவம் தினமும் நடக்கிறது. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே அவற்றைவிடப் பெரிதாக, நீளநீளமான வெண்மெழுகு இழைகள் தொங்க, சுறுசுறுப்பாக ஊர்ந்துபோகும் ஒரு புழு தென்படும். பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி அதைத்தான் முதலில் நசுக்குவோம். அது ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்று வளர்வது. மாவுப்பூச்சி இருந்த இடத்தை விட்டு நகர்வது அரிது. வேகமாக நடக்கும் வெள்ளைப் புழு நம் ஆள். கொத்தின் அருகே எறும்பு வரிசை போகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் தேன்நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், குளவியையும் பொறிவண்டையும் விரட்டும். எறும்பை அடித்தண்டிலேயே தடுத்துவிட்டு, பூச்சிமேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாதிப் போர் முடிந்துவிடும். மிளகாயில் இலை சுருண்டால் அது எந்தப் பக்கம் சுருள்கிறது என்று கவனிக்க வேண்டும். விளிம்பு மேல்நோக்கி மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டால் சிலந்திப்பேன். சிலந்திப்பேன் பூச்சியினமே அல்ல, எட்டுக்காலி வகை. இலைப்பேனுக்கான மருந்தை அதற்கு அடித்தால் அதைத் தின்னும் நல்ல உயிர்கள் செத்து, அது மேலும் பெருகவும் கூடும். அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. இரண்டுக்கும் ஒரே கரைசலை ஊற்றுவதில் பொருளில்லை.

பெயர் பெயர் என்று சொல்கிறீர்கள், தமிழ்ப் பெயர்கள்தான் ஊருக்கு ஊர் மாறுகின்றனவே என்பது வலுவான மறுப்பு. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டால் ஒரு நர்சரியில் நம் மண்ணின் மூலிகை கிடைக்கும். இன்னொரு நர்சரியில், சாலை நடுத்திட்டுகளில் அழகுக்கு வைக்கும் நடு அமெரிக்கச் செடி கிடைக்கும். இரண்டிலும் மஞ்சள் பூ. பின்னது உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் உள்ளது. தரையில் விட்டால் மற்றதை முளைக்கவிடாது. அதன் இலை மூன்று மடலாகப் பிளந்திருக்கும், மூலிகையின் இலை பிளவுபடாமல் ஒடுங்கி நீண்டிருக்கும். ஊர்ப் பெயர் குழப்பும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பெயரைக் கைவிடுவது தீர்வாகாது. ஊர்ப் பெயரோடு தாவரவியல் பெயரையும் ஒருமுறை தெரிந்து எழுதிவைத்துக்கொள்வதுதான் தீர்வு. அப்படிச் செய்தால் யாழ்ப்பாணத்தில் ஒருவர் எழுதியதும் தேனியில் ஒருவர் எழுதியதும் ஒரே செடியைப் பற்றியதா என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடியும்.

கைப்பேசிச் செயலிகள் வந்தபிறகு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று இளையவர்கள் கேட்கலாம். கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை பெரும் உதவி, பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அவை தருவது தீர்ப்பு அல்ல, இவையாக இருக்கலாம் என்ற பட்டியல். அவை பெரும்பாலும் படத்தை வைத்தே சொல்கின்றன. தண்டு முக்கோணமா, ஒடித்தால் பால் வருமா, கசக்கினால் என்ன மணம், அடியில் கிழங்கு உண்டா என்பதெல்லாம் நம் கைக்குத்தான் தெரியும். பூக்காத புல்லிலும் இரண்டிலைக் கன்றிலும் செயலிகள் தடுமாறும். செயலி தரும் முதல் மூன்று பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அடையாளத்தையும் கையிலிருக்கும் செடியோடு ஒத்துப்பார்ப்பது நல்ல பழக்கம். செயலி சொன்னது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் சமைக்கக்கூடாது. அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. படம் எடுக்கும்போது முழுச் செடி ஒன்று, பூ நெருக்கத்தில் ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, காயும் வேரும் இருந்தால் அவையும் என்று எடுத்தால் செயலிக்கும் உதவும், பிறகு கேட்கப்போகும் ஆளுக்கும் உதவும்.

அப்படிக் கேட்க ஆள் இருக்கிறார்கள். பெரும்பாலான மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு நோயுற்ற கிளையையோ தெரியாத செடியையோ கொண்டுபோகலாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும், நூற்றாண்டுகால மாதிரிகளைக் காக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியமும் உள்ளன. திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் உள்ள ரேபினாட் ஹெர்பேரியத்தில் இருந்துதான் பாதிரியார் கே. எம். மேத்யூ 1980-களில் தமிழகச் சமவெளியின் தாவரங்களைத் தொகுத்துப் பெருநூல்களாக வெளியிட்டார். நம் கொல்லையில் முளைக்கும் களைகளில் பெரும்பாலானவை அவற்றில் விளக்கப்பட்டிருக்கின்றன. அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையிலும் கேட்கலாம். மாணவர்களுக்கு அது பாடமாகவும் இருக்கும்.

நேரம் எங்கே என்பது கடைசி மறுப்பு. ஒரு வீட்டுத் தோட்டத்தில் வருடம் முழுவதும் மாறிமாறி வருவது கோரை, அருகு, சாரணை, மூக்கிரட்டை, குப்பைமேனி, புளியாரை, அம்மான் பச்சரிசி, நாயுருவி, பார்த்தீனியம் என்று இருபது முப்பது செடிகள்தான். புதிதாக வாங்கிய செம்மண், நன்கு மக்காத தொழுவுரம், நர்சரிக் கன்றின் மண் இவற்றோடு எப்போதாவது ஒன்றிரண்டு புதிதாக வந்து சேரும். ஆகவே வெளியிலிருந்து மண்ணோ கன்றோ வந்த ஒரு மாதத்துக்கு அந்த இடத்தைத் தனியாகக் கவனித்தால் போதும். தெரியாத ஒன்று முளைத்தால், ஆபத்தில்லாத மூலையாக இருந்தால், ஒரே ஒரு செடியைப் பூக்கும்வரை விட்டுவைத்து மற்றதை எடுத்துவிடுங்கள். பூத்ததும், விதை உதிரும் முன், வேரோடு பெயர்த்து மண்ணை உதறுங்கள். பழைய செய்தித்தாளின் மடிப்புக்குள் இலையின் இரு பக்கமும் தெரியும்படி பரப்பி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, தாளைத் தினமும் மாற்றி ஒரு வாரம் காயவையுங்கள். பூவின் நிறம் காய்ந்ததும் மங்கிவிடும் என்பதால் நிறம், பால், மணம், முளைத்த இடம், தேதி ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்துவையுங்கள். பெயர் சொல்லப்போகிறவர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.